வாப்பாவின் காலாவதியான கடன்

எண்ணெய்க்கடைக்காரரைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அவர் விற்ற கடலை எண்ணெயில் கலப்படம் கிடையாது. அதற்கு மேல் அவரிடம் நல்லது எதையும் நான் பார்த்ததில்லை. பார்த்ததாகப் பொய் சொல்லவும் வராது.

எண்பத்தெட்டில் ரங்கூன் கொந்தளித்தபோது வாப்பாவின் கடையை உடைத்துவிட்டார்கள். பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்கிற சின்னக் கடை. பூட்டுக் கடையின் பூட்டையே உடைத்துப் போனார்கள் என்று தெருவில் சிரித்தவர்களும் உண்டு. கடையைத் திரும்ப நிறுத்த வாப்பா அந்த எண்ணெய்க்கடைக்காரரிடம் ஐம்பதாயிரம் க்யாட் கடன் வாங்கினார். இருவரும் ஒரே பள்ளிவாசல், ஒரே ஊர் வம்சம். ஒரு சீட்டில் வாப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்போது அது பெரிய பணம். பத்து டிக்கல் பொன் வாங்கலாம், ஊர்க் கணக்கில் இருபது பவுன்.

கடை நிமிரவே இல்லை. நாலைந்து வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு வாப்பா அதைக் கைமாற்றி விட்டார். பிறகு ஒரு கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் மேசை போட்டுச் சாவி வெட்டினார். நான் கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்தவள். சந்தையில் பொத்தான், ஜிப், நூல் விற்றேன். நகரத்துக்கு வெளியே லைங் தாயாவில் துணித் தொழிற்சாலைகள் வந்தபிறகு அங்கே மிச்சம் விழுகிற ஜிப்பையும் நூலையும் மொத்தமாக வாங்கி வருவேன். தம்பி பினாங்கு போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். பெருநாளுக்குப் பெருநாள் ஏதாவது அனுப்புவான். அதை ஊர் முழுக்கச் சொல்லுவான்.

இத்தனை வருடமும் எண்ணெய்க்கடைக்காரர் வாப்பாவிடம் வாய் திறந்து கடனைக் கேட்டதில்லை. தொழுகையில் தோளோடு தோள் நின்றார்கள். முடிந்து ஒரே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். இதைப் பெருந்தன்மை என்று உம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே சந்தேகம். க்யாட்டின் மதிப்பு வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஐம்பதாயிரத்தை வாங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? கடைசியில் பார்த்தால் இரண்டு மூட்டை அரிசி. அவர் கேட்காததற்கு அதுதான் காரணம்.

இரண்டாயிரத்து ஆறில், நல்ல மழைக்காலத்தில், வாப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார். தம்பி அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், உடலை, அதாவது மையத்தை, வைத்துக்கொண்டு, இறந்தவரின் மகன் எழுந்து நின்று சொல்ல வேண்டும்: "எங்க வாப்பா யாருக்காச்சும் கடன் பாக்கி வச்சிருந்தா என்கிட்ட வாங்க, நான் பொறுப்பு." சபையில் யாருக்காவது சின்னப் பாக்கி இருந்தால் அங்கேயே ஹலாலாக்கிவிட்டேன் என்று சொல்லிவிடுவார்கள். விட்டுவிட்டேன், மறுமையிலும் கேட்க மாட்டேன் என்று பொருள். மண்ணுக்குப் போகிறவரைப் பாரமில்லாமல் அனுப்புவதற்கான வார்த்தை அது.

பெண்கள் அங்கே போவதில்லை. தம்பிதான் வந்து சொன்னான். தொண்டையைச் செருமிக்கொண்டு நன்றாகத்தான் பேசியிருக்கிறான். டீக்கடைக்காரர் உடனே கையைத் தூக்கி, டீ பாக்கியை ஹலாலாக்கிவிட்டேன் என்றாராம். சாவிக்கு முன்பணம் கொடுத்திருந்த ஒருவரும் சொன்னாராம். எண்ணெய்க்கடைக்காரர் முதல் வரிசையில் நின்றார். வாயே திறக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லலைன்னா கடனே இல்லைன்னுதானே அர்த்தம்" என்றான் தம்பி. ஒரு வாரத்தில் விமானம் ஏறிவிட்டான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அவர் வந்தார். உம்மா இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. எங்கள் வீடு ஐந்தாம் மாடியில் ஒரு நீள அறை. நடுவில் ஒரு திரை கட்டியிருந்தோம். திரைக்கு அந்தப் பக்கம் உம்மா, இந்தப் பக்கம் உலகம். அவர் சாப்பிட்டார். இரண்டாவது முறை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லோரும் போனபிறகு உட்கார்ந்தே இருந்தார்.

"என்னமா, தம்பி ஃபோன் பண்றானா?"

"பண்றான் மாமா."

"நல்ல புள்ள. சபையில எழுந்து நின்னு வாப்பா கடனுக்கு நான் பொறுப்புன்னு சொன்னானே, எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

"அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே மாமா."

"மையத்த வச்சுக்கிட்டுக் கணக்கு பேசுவாங்களா? அதான் இப்ப வந்திருக்கேன். பத்து டிக்கல் பொன்னு."

ஐம்பதாயிரம் நோட்டுதானே கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பொறுமையாகச் சிரித்தார். "நோட்டா? அந்த நோட்டுக்கு இன்னைக்கு என்னமா மதிப்பு? நான் வட்டி கேக்கல. வட்டி ஹராம். எண்பத்தெட்டுல என் கையை விட்டுப் போனது பத்து டிக்கல் பொன்னு. அது பத்து டிக்கலாத் திரும்பி வந்தாப் போதும். அதுக்கு மேல ஒரு குண்டுமணி கூட வேணாம்."

வட்டியை வாசல் வழியாக விடமாட்டார். ஜன்னல் வழியாக இறக்கிக்கொள்வார். பத்து டிக்கல் பொன் என்றால் நாங்கள் இருந்த அறையை விற்க வேண்டும். விற்றால் மிஞ்சுவது ஒரு வருட வாடகைக்குப் போதாது. உம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் டாலா பக்கம் ஓலைக் குடிசைக்குத்தான் போக வேண்டியிருக்கும். இதையும் அவரிடம் சொன்னேன்.

"டாலாவும் நல்ல ஊருதான்மா. காத்து வரும்" என்றார்.

தம்பியிடம் சொன்னேன். அவன் கீழ் வீட்டு ஃபோனுக்குத்தான் பேசுவான். நான் மூன்று மாடி இறங்கிப் போய், அந்த வீட்டார் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, நின்றபடி பேச வேண்டும்.

"லாத்தா, நான் இங்க விசாரிச்சேன். கடனுக்குக் காலக்கெடு இருக்கு. ஆறு வருஷம். அதுக்கு மேல கோர்ட்டுல நிக்காது."

"அது மலேசியாவுல."

"சட்டம்னா எல்லா எடமும் ஒண்ணுதானே?"

சென்னையிலிருந்து உம்மாவின் தம்பி பேசினார். இந்தியாவில் மூன்றே வருடம் என்றார். எண்ணெய்க்கடைக்காரரின் மருமகன் சிங்கப்பூரில் இருந்தான். அவனும் தன் பங்குக்கு, அங்கே ஆறு வருடம், அதனால் மாமனாருக்கு உரிமை உண்டு என்று இங்கே சொல்லி அனுப்பினான். மூன்றா ஆறா என்று மூன்று நாட்டில் சண்டை. கடன் வாங்கிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. இதை யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் தங்கள் ஊர்ச் சட்டத்தைச் சொல்லிக் காட்டுகிற ஆசைதான் இருந்தது.

சட்டத்தைச் சொல்லிவிட்டுத் தம்பி குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒண்ணு லாத்தா. நான் சபையில சொன்னது சொன்னதுதான். வாக்கு மாறக்கூடாது. ரூம வித்து முடிச்சிரு. நாளைக்கு நான் ரங்கூனுக்கு வந்தா பள்ளிவாசல்ல தலைநிமிந்து நிக்கணும்ல?"

"நீ அனுப்பு, நான் குடுக்கறேன்."

"இங்க என் நெலமை தெரியாதா உனக்கு?"

நான் ஃபோனை வைத்தேன். வாக்கு அவனுடையது, வீடு எங்களுடையது. அவன் நிமிர்த்துகிற தலைக்கு நாங்கள் கூரையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து எண்ணெய்க்கடைக்காரர் பர்மிய மொழியில் அடித்த ஒரு தாளை ஆள் மூலம் அனுப்பினார். உம்மா அதில் கைநாட்டு வைத்து அனுப்ப வேண்டும். பத்து டிக்கல் பொன் கடன்பட்டிருப்பதை வாரிசான நான் ஒப்புக்கொள்கிறேன், குறித்த காலத்துக்குள் கொடுக்காவிட்டால் அறையைக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தது. அறை உம்மா பெயரில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கோர்ட் பக்கத்து மாடி ஒன்றில் இருந்த தமிழ் வக்கீலிடம் போனேன். இந்து. ரயில்வேக்காரரின் பேரன். வெற்றிலைச் சாறை அடக்கிக்கொண்டே பேசுவார்.

தாளைப் படித்தார். "வாப்பா கடைசியா எப்பம்மா பணம் கொடுத்தாரு? கையெழுத்துப் போட்டு, இத்தனை கொடுத்தேன்னு ஏதாச்சும்?"

"கொடுக்கவே இல்லை."

"அப்ப நல்லது."

"கடனைக் கொடுக்காதது நல்லதா?"

"எனக்கு நல்லது. நான் வக்கீல்." எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். "இங்க மூணு வருஷம். எண்பத்தெட்டுல வாங்குன கடன் தொண்ணூத்தொண்ணுலயே கோர்ட்டுக்குச் செத்துப்போச்சு. உன் தம்பி பள்ளிவாசல்ல வாயால சொன்னது அவனோட பாடு. அதுவும் வெறும் வாய்வார்த்தை. கோர்ட்டுக்கு அது காத்து."

"அப்ப இந்தத் தாள் எதுக்கு?"

"அதான் விஷயம். காலம் போன கடனைத் தர்றேன்னு புதுசா எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வச்சா, அது புதுக்கடன். நேத்து வாங்குன மாதிரி. செத்த பொணத்துக்கு உங்க உம்மா உயிர் கொடுக்கறாங்கன்னு வச்சுக்க. இந்தத் தாள் இல்லேன்னா அந்தாளு கையில ஒண்ணும் இல்ல. இருந்தா அடுத்த மாசமே உங்களை எறக்கிடுவாரு. அவருக்கு வக்கீல் யாரோ நல்லா வேலை தெரிஞ்சவன்."

அந்த நல்ல வக்கீலையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். உம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். திரைக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"மூணு வருஷத்துல கடன் முடியும்னு கோர்ட்டு சொல்லுதா?"

"ஆமா."

"கபுறுல மூணு வருஷக் கணக்கு உண்டா?"

இதற்கு எந்த வக்கீலிடம் பதில் கேட்பது? கடனோடு மண்ணறைக்குப் போனவருக்கு அங்கே நிம்மதி இல்லை என்பது உம்மாவின் பயம். வாப்பாவைக் கனவில் பார்த்ததாகச் சொன்னாள். படிக்கட்டுக்கு அடியில் சாவி மேசை முன்னால் நின்றுகொண்டே இருக்கிறாராம், உட்காரவில்லையாம். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. என்னுடைய எதிரி எண்ணெய்க்கடைக்காரர் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவரால் எங்களை ஒன்றும் செய்ய முடியாது. உம்மாவால்தான் எங்களைத் தெருவில் விட முடியும்.

தாளை நான் கிழித்துப் போட்டேன். அவரிடம் வேறு தாள் இருந்தது.

ஒரு நாள் லைங் தாயாவிலிருந்து ஜிப் மூட்டையோடு வந்து ஐந்து மாடி ஏறிக் கதவைத் திறந்தால், திரைக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல். எண்ணெய்க்கடைக்காரரின் மனைவி. ஆண் வரமுடியாத இடத்துக்குப் பெண்ணை அனுப்பியிருக்கிறார். ஒரு தூக்குச்சட்டியில் நெய்ச்சோறு கொண்டுவந்திருந்தாள். தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் அதே மாதிரித் தாள். அதற்குப் பக்கத்தில் கைநாட்டு மை டப்பா, மூடி திறந்து. உம்மாவின் பெருவிரல் ஏற்கெனவே நீலமாக இருந்தது. தாளில் இன்னும் படவில்லை.

"மாமி, என்ன இது?"

"ஒண்ணுமில்ல புள்ள. உன் உம்மா மனசு லேசாகட்டும்னு…"

மூட்டையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. மை டப்பாவை எடுத்து பால்கனிக்குப் போய்க் கீழே வீசினேன். கீழே யாரோ பர்மிய மொழியில் என் வம்சத்தையே திட்டினார்கள். தாளையும் எடுத்தேன். மாமி அதைப் பிடித்து இழுத்தாள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்ணோடு நான் தாளுக்காக இழுபறி நடத்தினேன். ஜெயித்தேன்.

"உனக்கு மரியாதை தெரியாதா?"

"இத்தாவுல இருக்கற மனுஷிகிட்ட கைநாட்டு வாங்க வந்தீங்களே, அது எந்த மரியாதை? சோத்தை எடுத்துட்டுப் போங்க."

சோற்றை விட்டுவிட்டுப் போனாள். உம்மா அதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னாள். நான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து கேட்டேன்: வாப்பா எப்போதாவது திருப்பிக் கொடுக்கப் பார்த்தாரா? உம்மா விரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டே சொன்னாள். கடையைக் கைமாற்றியபோது வந்த காசில் ஐம்பதாயிரத்தைத் துணியில் முடிந்து எடுத்துப் போயிருக்கிறார். அதற்குள் விலைவாசி ஏறிப் பணம் பாதி மதிப்புக்கு வந்துவிட்டது. எண்ணெய்க்கடைக்காரர் வாங்கவில்லை. இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று வாப்பா வந்து சொன்னாராம்.

இதை வைத்து நான் சண்டை போடலாம் என்று நினைத்தேன். மை டப்பா விஷயம் பள்ளிவாசல் கமிட்டி வரைக்கும் போய்விட்டதால் சந்தர்ப்பமும் வந்தது. கமிட்டியிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள், எண்ணெய்க்கடைக்காரரும் வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டேன். டீ போடவில்லை.

"சட்டம் வேற, தீன் வேறம்மா" என்று கமிட்டிச் செயலாளர் ஆரம்பித்தார். "கோர்ட்டுல காலம் போச்சுன்னா அல்லாட்ட போச்சா?"

"வாப்பா பணத்தைக் கொண்டுபோய் நீட்டினாரு. இவரு வாங்கல. அதுக்கு என்ன சொல்றீங்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "கடையை இழந்துட்டு நின்னாரு. அந்த நேரத்துல கையில இருந்த காசையும் நான் புடுங்கணுமா? எரக்கப்பட்டேன். எரக்கப்பட்டது தப்பாம்மா?"

"அந்த எரக்கத்துக்கு இப்ப பொன்னுல விலை போடுறீங்களே."

"நாக்கு நீளம்" என்றார் இன்னொரு பெரியவர்.

"ஆமா. வீடு சின்னது, நாக்காச்சும் நீளமா இருக்கட்டும்."

செயலாளர் இருவருக்கும் பொதுவாகப் பேசுகிறவர். அதாவது இருவரிடமும் பாதியைப் பிடுங்குகிறவர். ஐந்து டிக்கலுக்கு முடித்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து டிக்கலுக்கும் அறையைத்தான் விற்க வேண்டும். முடியாது என்றேன். அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து உம்மா பேசினாள். எண்ணெய்க்கடைக்காரரை அவள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, நீங்க எல்லாரும் போங்க. என் இத்தா முடியட்டும். முடிஞ்சதும் நானே வெளிய வந்து எங்க வேணுமோ அங்க விரல் வைக்கறேன். அவருக்காக."

எண்ணெய்க்கடைக்காரர் எழுந்து சால்வையைச் சரி செய்துகொண்டார். "தங்கச்சி நல்ல மனுஷி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காலக்கெடு என்றால் அதுதான். ஆறு வருடம், மூன்று வருடம் எல்லாம் போய்விட்டது. இத்தா முடிய இருந்த நாட்கள்தான் மிச்சம். நான் உம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். பிறகு பேசினேன், கத்தினேன், மறுபடி நிறுத்தினேன். டாலாவில் நீ வாளியில் தண்ணீர் சுமப்பாயா, நான் சுமப்பேனா என்று கேட்டேன். வாப்பா இந்த வீட்டை வாங்க எத்தனை பூட்டு விற்றார் தெரியுமா என்று கேட்டேன். எதற்கும் அவள் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசினால்தானே ஜெயிக்க முடியும்? சாந்தமான மனிதர்களைப் போல் பிடிவாதக்காரர்களை நான் கண்டதில்லை.

மழை நின்று குளிர் வந்தது. அந்த வருடம் எண்ணெய்க்கடைக்காரரும் மனைவியும் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சந்தையில் ஒரு பெண் என்னிடமே வந்து, அவர் கடையில் அன்றைக்கு எல்லோருக்கும் கால் விஸ் எண்ணெய் இலவசம் என்று சந்தோஷமாகச் சொன்னாள். நல்லது, தலையில் ஊற்றிக்கொள் என்றேன்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ தப்பு செய்திருந்தால் ஹலாலாக்கிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை. ஹலாலாக்கிவிட்டோம், எங்களுக்கும் துஆ செய்யுங்கள் என்று பதில் ஒரு வார்த்தை. அப்புறம் ஒரு வாய்க் காப்பி. இதற்கு யாரும் முடியாது என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதே கிடையாது. கேட்கிறவரும் பதில் தெரிந்துதான் கேட்பார்.

எங்கள் வீட்டுக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டை விட்டால் ஊர் பேசும். இத்தா முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் வந்தார். கூட மனைவி. துணைக்குக் கமிட்டிச் செயலாளர். மூவரும் ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். எதிர் வீட்டுக்காரர்கள் ஹாஜியைப் பார்க்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"ஹஜ்ஜுக்குக் கெளம்புறோம்மா." வெற்றுத் தரையைப் பார்த்துச் சொன்னார். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சு ஹலாலாக்கிடுங்க."

"முடியாது மாமா" என்றேன்.

அவருக்கு அது காதில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது. 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டிருந்தார்.

"என்னமா சொல்றே?"

"ஹலாலாக்க முடியாதுன்னு சொல்றேன். இத்தாவுல இருந்தவங்க விரல்ல மை தடவினதுக்கு. எங்களை டாலாவுக்குப் போகச் சொன்னதுக்கு. நீங்க இதோடயே போயிட்டு வாங்க."

செயலாளர் என்னை அதட்டினார். "அடி, ஹஜ்ஜுக்குப் போறவர வாசல்ல நிறுத்தி இப்படிப் பேசக்கூடாது. பாவம்."

"மையத்துக்கு முன்னால இவரு வாய மூடிக்கிட்டு நின்னாரே, அது பாவமா புண்ணியமா? கமிட்டியில கேட்டுச் சொல்லுங்க."

எண்ணெய்க்கடைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "உன்கிட்ட யாரு கேட்டா? வீட்டுக்குப் பெரியவங்க உன் உம்மா. தங்கச்சி, நீ சொல்லும்மா."

எனக்குத் தெரியும், உம்மா சொல்லிவிடுவாள். வீட்டையே கொடுக்கத் தயாராக இருப்பவள் ஒரு வார்த்தையைக் கொடுக்க மாட்டாளா? நான் திரையைப் பார்த்தேன். நான் அவளுக்கு ஜாடை காட்டவும் முடியாது. திரை அசையவில்லை. எதிர் வீட்டில் ஒரு குழந்தை அழுது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"நானா" என்றாள் உம்மா. "அவரு போனாரு. அவரை ஹலாலாக்கி நீங்க அனுப்பல. இப்ப நீங்க போறீங்க. என் மவ சொல்றதுதான் எனக்கும்."

இதை அவள் கோபத்தில் சொன்னாளா, கணக்குப் பார்த்துச் சொன்னாளா என்று எனக்கு இப்போதும் தெரியாது. கேட்டதற்கு, அப்படித்தான் வாயில் வந்தது என்றாள்.

மாமிதான் முதலில் உடைந்தாள். தூக்குச்சட்டியோடு வந்த அதே மாமி. புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "விட்டுத் தொலைங்க. இவ்வளவு செலவு பண்ணிப் போறோம். ஹஜ்ஜு கூடாமப் போயிருச்சுன்னா? எனக்குப் பயமா இருக்கு. விட்டுருங்க."

"பத்து டிக்கல் பொன்னுடி" என்றார் அவர். எல்லோருக்கும் கேட்டது. எதிர் வீட்டுக்காரருக்கும் கேட்டது. அதை அவரும் உணர்ந்தார் போலிருக்கிறது, சால்வையால் நெற்றியைத் துடைத்தார். "சரி. சும்மா விட்டாக் கடன் தீந்த மாதிரி ஆகாது. கொடுத்த நோட்டையாச்சும் கொடு. ஐம்பதாயிரம்."

மறுநாள் லைங் தாயாவில் ஜிப் வாங்க வைத்திருந்த பணம் என் பையில் இருந்தது. ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் கமிட்டிச் செயலாளர் கையில் கொடுத்தேன். அவர் எண்ணி எண்ணெய்க்கடைக்காரரிடம் கொடுத்தார். அவரும் எண்ணினார். ஒரு தாள் ஓரம் கிழிந்திருந்தது, வேறு கேட்டார். கொடுத்தேன்.

"இப்ப சொல்லுங்க. சபையில சொல்லாததை இங்க சொல்லுங்க. சத்தமா. உம்மாவுக்குக் கேக்கணும்."

சொன்னார். வாப்பாவின் பெயரைச் சொல்லி, கடன் முழுவதும் வந்துவிட்டது, ஹலாலாக்கிவிட்டேன், மறுமையிலும் கேட்க மாட்டேன் என்று சொன்னார். வாய்க்குள்ளேயே சொன்னதால் இரண்டாவது தடவையும் சொல்ல வைத்தேன். திரைக்குப் பின்னால் உம்மா விம்முகிற சத்தம் கேட்டது. விம்மலுக்கு நடுவில் அவளும் சொல்லிவிட்டாள்: "ஹலாலாக்கிட்டேன் நானா. நல்லபடியாப் போயிட்டு வாங்க. எங்களுக்கும் துஆ செய்ங்க." மாமிக்கும் தனியாகச் சொன்னாள்.

காரியம் முடிந்துவிட்டது என்று செயலாளர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். எண்ணெய்க்கடைக்காரர் திரும்பவில்லை. பணத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றார். என்னுடைய வார்த்தை இன்னும் வரவில்லை அல்லவா.

"நீயும் சொல்லிரும்மா" என்றார். முதல் தடவையாக அவர் என்னிடம் எதையோ நிஜமாகவே கேட்டார்.

வீடு மிஞ்சிவிட்டது. வாப்பா உட்கார்ந்துகொள்ளலாம். இனிமேல் அந்த மனிதரிடமிருந்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை, அதனால் பயமும் இல்லை.

"உம்மா சொல்லிட்டாங்க மாமா" என்றேன். "நாலாம் மாடியில பல்பு எரியல. பாத்து எறங்குங்க."

கதவைச் சாத்திவிட்டு உம்மாவுக்குச் சோறு போடப் போனேன்.